பதவி போன பிறகும் வந்தவர்

(தலைப்பு: சட்டமன்றத்தில் மக்களுக்குப் பெரிதும் உதவுவது எண்ணிக்கையின் பலமா? ஒற்றைக் குரலின் பலமா? 'ஒற்றைக் குரலே' என்ற அணியில் இரண்டாவது பேச்சு. இடம்: ஏற்காடு)

ஏற்கெனவே ஜெயித்துவிட்ட மாதிரி சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) இந்தக் குளிரிலும் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் ஏற்காட்டுப் பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டில் டி.வி. முன்னால் காப்பியோடு உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். அந்தக் காப்பி எங்க ஊர்க் காப்பியாக இருந்தால் இன்னொரு வணக்கம்! (கைதட்டல்)

எனக்கு முன்னாடி பேசின அம்மா அருமையா ஒரு கணக்குப் போட்டாங்க. "சட்டமன்றத்திலே 234 பேர். 118 பேர் இருந்தா ஆட்சி. ரெண்டு பெரிய கட்சியிலே ஒண்ணு ஆளும், ஒண்ணு எதிர்க்கும். நடுவிலே மூணாவதா ஒரு சின்னக் கட்சிக்காரர் கையைத் தூக்கினா என்ன, தூக்காட்டி என்ன?" அப்படின்னு கேட்டாங்க. நீங்களும் கை தட்டினீங்க. நானே தட்டிட்டேன்! (சிரிப்பு)

அம்மா, கணக்கு சரி. ஆனா ஒரு சின்ன விஷயம். வீட்டிலே பத்துப் பேர் உட்கார்ந்திருக்கோம். அடுப்பிலே கேஸ் கசியுது. ஒன்பது பேருக்கு ஜலதோஷம். ஒருத்தருக்கு மட்டும் வாசனை வருது. "கேஸ் கசியுது"ன்னு கத்துறார். சரி, ஓட்டெடுப்பு வெச்சிருவோம். கசியலைன்னு ஒன்பது ஓட்டு, கசியுதுன்னு ஒரு ஓட்டு. தீர்மானம் தோத்துப் போச்சு. (சிரிப்பு) வீடு என்னம்மா ஆகும்? (பலத்த கைதட்டல்)

ஆட்சி நடத்த எண்ணிக்கை வேணும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கசிகிற வாசனையைச் சொல்ல ஒரு மூக்கு போதும். அந்த மூக்கு யாருடையது என்பதுதான் இன்றைய கேள்வி.

நான் இந்த மலையிலே வளர்ந்தவன். எங்கப்பா ஒரு காப்பித் தோட்டத்திலே கணக்கு எழுதினவர். என் கூடப் படிச்சவங்க பாதிப் பேர் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைங்க. டி.வி.யிலே பார்க்கிற வெளியூர்க்காரங்க "மலையாளி"ன்னதும் புட்டு, கடலைன்னு நினைச்சிடாதீங்க! (சிரிப்பு) மலையை ஆள்பவர் மலையாளி. பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூணு அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு மலையில் குடியேறினாங்கன்னு தங்கள் பூர்வீகத்தைக் கதையாகச் சொல்லுவாங்க. சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன், சித்தேரி என்று இந்தப் பக்கத்து மலைகளில் எல்லாம் அவங்க சொந்தபந்தம் இருக்கு.

என் கூடப் படிச்ச அப்படி ஒரு பையன் சாதிச் சான்றிதழ் வாங்கக் கீழே ஒரு ஆபீஸுக்குப் போனான். அங்கே புதுசா மாற்றலாகி வந்தவர் விண்ணப்பத்தைப் பார்த்துட்டு, "மலையாளியா? அப்ப கேரளாவிலே போய் வாங்குப்பா"ன்னுட்டார். (சிரிப்பு) நீங்க சிரிக்கிறீங்க. நாங்களும் பள்ளிக்கூடத்திலே சிரிச்சோம். அவன் சிரிக்கலை. அந்த வருஷம் அவனுக்கு உதவித்தொகை போச்சு. அவனுக்கு அன்னைக்குத் தேவைப்பட்டது 118 பேர் இல்லைங்கய்யா. "ஏன்யா கொடுக்கலை?"ன்னு கேட்க ஒரே ஒரு ஆள்.

ஏற்காடு பழங்குடியினருக்கான தனித்தொகுதி. இன்றைக்குத் தமிழ்நாட்டில் 234-ல் இரண்டே தொகுதிகள்தான் பழங்குடியினருக்கு. ஒன்று ஏற்காடு, இன்னொன்று சேந்தமங்கலம். எண்ணிக்கை, எண்ணிக்கை என்கிறீர்களே, பழங்குடி மக்களின் எண்ணிக்கை பலம் அவ்வளவுதான். 234-ல் 2! அவங்க என்றைக்கு 118-ஐப் பிடிக்கிறது?

எங்க ஏற்காட்டிலே 1971 முதல் 2021 வரை எந்தத் தேர்தலை எடுத்தாலும் தி.மு.க. ஜெயிக்கும், இல்லைன்னா அ.தி.மு.க. ஜெயிக்கும். மூணாவது ஆளுக்கு இடமே இல்லை. 2013-ல் எங்க எம்.எல்.ஏ. பெருமாள் காலமானதால் டிசம்பர் 4-ஆம் தேதி இடைத்தேர்தல் நடந்தது. மந்திரிகள் எல்லாம் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தாங்க. தொண்ணூறு சதவீதத்துக்குப் பக்கத்திலே ஓட்டு விழுந்தது. அ.தி.மு.க.வின் சரோஜா 78 ஆயிரத்துக்கும் மேலான வித்தியாசத்தில் ஜெயிச்சாங்க. தி.மு.க. இரண்டாவது. மூணாவது யார் தெரியுமா? அந்த வருஷம்தான் சுப்ரீம் கோர்ட் உத்தரவுப்படி, 'மேலே உள்ள எவருக்கும் வாக்களிக்க விருப்பமில்லை' என்ற பொத்தானை வெச்சாங்க. தமிழ்நாட்டில் அந்தப் பொத்தான் முதன்முதலா அறிமுகமானது எங்க ஏற்காட்டில். அதுக்கு 4,431 ஓட்டு! எங்க ஊரிலே மூணாவது பெரிய கட்சி 'யாரும் வேண்டாம்' கட்சி! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

சிரிச்சாச்சு. இப்போ கொஞ்சம் யோசிப்போம். மலையேறி வந்து பொத்தானை அமுக்கிய நாலாயிரத்துச் சொச்சம் பேர் என்ன சொன்னாங்க? "எங்க குரலைச் சொல்ல இந்தப் பட்டியலிலே ஆள் இல்லை"ன்னு சொன்னாங்க. நான் அப்படித்தான் புரிஞ்சுக்கறேன்.

நடுவர் அவர்களே, இங்கேயிருந்து வடகிழக்கே போனால் அரூர். தர்மபுரி மாவட்டம். அங்கே சித்தேரி மலை. எங்க மலைக்குப் பங்காளி மலை. அந்த அரூர்த் தொகுதியின் சரித்திரம் எங்க ஊருக்கு நேர் எதிர். 1989 முதல் 2011 வரை நடந்த ஆறு பொதுத்தேர்தல்களிலும் அங்கே இரண்டு பெரிய கழகங்களின் வேட்பாளர் யாரும் ஜெயிக்கவில்லை. மார்க்சிஸ்ட், காங்கிரஸ், த.மா.கா., இந்தியக் கம்யூனிஸ்ட், மறுபடியும் மார்க்சிஸ்ட் இரண்டு தடவை. எல்லாமே மூணாவது ஆளுங்க!

"கூட்டணியிலே நின்னாங்க, பெரிய கட்சியின் தோளில் ஏறி ஜெயிச்சாங்க"ன்னு எதிரணி ஐயா முணுமுணுக்கிறார். உண்மைதானுங்க. நானே சொல்லிடறேன். மார்க்சிஸ்ட் கட்சியின் டில்லிபாபு 2006-ல் தி.மு.க. கூட்டணியில் ஜெயித்தார். 2011-ல் அ.தி.மு.க. கூட்டணியில் ஜெயித்தார். (சிரிப்பு) சின்னக் கட்சிக்காரன் பஸ் மாறி மாறித்தான் போகணும், சொந்தக் கார் கிடையாது. ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கின பிறகு யார் வீட்டுக்குப் போனான் என்று பாருங்கள். ஆளை எடை போட அதுதான் தராசு.

அப்படி இறங்கிப் போன ஒருவரைப் பற்றித்தான் இன்றைக்கு நான் பேச வந்தேன். பெயர் மு. அண்ணாமலை. மார்க்சிஸ்ட் கட்சி. 1989 ஜனவரித் தேர்தலில் அரூரிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனார். அஞ்சு வருஷம் இருக்க வேண்டிய சட்டமன்றம் 1991 ஜனவரியில் கலைக்கப்பட்டது. ரெண்டே வருஷம்! அடுத்த தேர்தலில் அ.தி.மு.க. – காங்கிரஸ் அணி 234-ல் 225 இடங்களைப் பிடித்தது. அரூர் காங்கிரஸுக்குப் போனது. அண்ணாமலை 'முன்னாள் எம்.எல்.ஏ.' ஆனார்.

முன்னாள் எம்.எல்.ஏ.ன்னா என்னங்க? கல்யாணப் பத்திரிகையிலே பேர் போடுவாங்க, கல்யாணத்திலே முன் வரிசையிலே நாற்காலி போட மாட்டாங்க! (சிரிப்பு) எண்ணிக்கைக் கணக்குப்படி அவர் அன்றைக்கு வெறும் பூஜ்யம்.

1992 ஜூன் 20. அரூர் வட்டத்தில், சித்தேரி மலை அடிவாரத்தில் வாச்சாத்தி என்று ஒரு பழங்குடிக் கிராமம். சந்தன மரக் கடத்தலைப் பிடிக்கிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் வண்டி வண்டியாக அந்த ஊருக்குள் இறங்கினார்கள். ஊர் மக்களை ஆலமரத்தடியில் கூட்டி அடித்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். தானியத்தைக் கொட்டிப் பாழாக்கினார்கள். குடிக்கிற தண்ணீர்க் கிணற்றைக்கூட விட்டுவைக்கவில்லை. 18 பெண்களை ஏரிப் பக்கம் தனியே கொண்டுபோனார்கள். அங்கே நடந்ததைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற இந்த நிகழ்ச்சியில் என் வாயால் விவரிக்க மாட்டேன். நீதிமன்றம் அதற்குப் பாலியல் வன்கொடுமை என்று பெயர் சொல்லி, தண்டனை கொடுத்தது. அது போதும்.

பிறகு 90 பெண்கள், 28 குழந்தைகள் உட்பட 133 பேரைக் கைது செய்தார்கள். பெண்களைச் சேலம் சிறைக்குக் கொண்டுவந்தார்கள்.

நடுவர் அவர்களே, சேலம் சிறை எங்கே இருக்கு? அஸ்தம்பட்டியில், ஏற்காட்டுக்கு ஏறி வருகிற சாலையில். நான் அப்போ கல்லூரியிலே படிச்சுக்கிட்டிருந்தேன். அந்த மாசத்திலே அந்த வழியா பஸ்ஸிலே எத்தனையோ தடவை போயிருக்கேன், வந்திருக்கேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கிட்டே வந்திருக்கேன். அந்தச் சுவருக்கு உள்ளே எங்க மலைக்காரங்களோட சொந்தம் கைக்குழந்தையோட உட்கார்ந்திருக்கான்னு எனக்குத் தெரியாது. பஸ்ஸிலே இருந்த யாருக்கும் தெரியாது. தெரியப்படுத்த ஆள் இல்லை. ஆளும் அணிக்கு 225 பேர் பலம். அவ்வளவு பெரிய எண்ணிக்கையிலே ஒரு வாச்சாத்தி கேட்கலைங்கய்யா. (அரங்கில் அமைதி)

யாருக்குக் கேட்டது? ஜூலை மாதம் மலைவாழ் மக்கள் சங்கத்துக்காரர்கள் சித்தேரியில் கூடியபோது, இந்த மாதிரி நடந்துபோச்சு என்று செய்தி காதுக்கு வந்தது. அந்தச் சங்கத்தின் தலைவர்களில் ஒருவர்தான் முன்னாள் எம்.எல்.ஏ. அண்ணாமலை. அவரும் சங்கத்தின் இன்னொரு தலைவர் பெ. சண்முகமும் மற்ற தோழர்களும் நேரே வாச்சாத்திக்குப் போனார்கள். ஊர் காலி. தப்பித்தவர்கள் காட்டுக்குள் ஒளிந்திருந்தார்கள். அவர்களைத் தேடிப் பார்த்து, பேசி, கேட்டு, நடந்ததை வெளியே சொன்னார்கள்.

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்துங்க. பயந்து காட்டுக்குள்ளே ஒளிஞ்சிருக்கிற ஜனம். வெள்ளைச் சட்டை போட்டு எவன் வந்தாலும் இன்னும் உள்ளே ஓடும். இவங்ககிட்டே மட்டும் ஏன் வாயைத் திறந்தது? முன்னாடியே தெரிஞ்ச முகம் இருந்தது, அதனாலே. சின்னக் கட்சி எம்.எல்.ஏ.வுக்கு மந்திரி பதவி கிடையாது, சிவப்பு விளக்குக் கார் கிடையாது. மலைப் பாதையிலே நடந்து போறது, உட்கார்ந்து கேட்கிறதுதான் அவர் செய்யக்கூடியது. அந்தப் பழக்கம் பதவி போன பிறகு கைகொடுத்தது. பதவி ரெண்டு வருஷத்திலே போச்சு, முகம் போகலை! (பலத்த கைதட்டல்)

அரசுத் தரப்பு, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று மறுத்தது. மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளராக இருந்த ஏ. நல்லசிவன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. தேசிய தாழ்த்தப்பட்டோர் – பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் விசாரித்து, மக்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார். 1995-ல் வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அத்தனை பேரும் அரசாங்கச் சம்பளம் வாங்கினவங்க!

2011 செப்டம்பர் 29. பத்தொன்பது வருஷம் கழித்து தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள். ஒருத்தரும் தப்பவில்லை. அன்றைக்கு அரூர் எம்.எல்.ஏ. யார்? அதே மார்க்சிஸ்ட் கட்சியின் டில்லிபாபு. மலைவாழ் மக்கள் சங்கத்துக்காரர். மேல்முறையீடு போனார்கள். உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் 2023-ல் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்தார். அதே ஆண்டு, அதே செப்டம்பர் 29-ஆம் தேதி தண்டனையை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டார். அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், வன அதிகாரி மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார். 31 வருஷம்! அன்றைக்குப் பள்ளிக்கூடம் போன பெண் பேரப்பிள்ளை எடுத்திருக்கும்.

எதிரணி ஐயா எழுந்து கேட்பார். "நியாயம் கொடுத்தது கோர்ட்டு. உங்க எம்.எல்.ஏ. எங்கே வந்தார்?" சரியான கேள்வி. தீர்ப்பு எழுதியது நீதிபதிதான். சாட்சி சொன்னது அந்தப் பெண்கள்தான். வழக்கு நடத்திய பெருமை வக்கீல்களுக்கும் சங்கத்துக்கும். அண்ணாமலை ஒருத்தரே எல்லாம் செய்தார் என்று நான் சொன்னால் அது பொய். ஆனால் கோர்ட்டுக்குக் காலில்லைங்கய்யா. அது தானாக வாச்சாத்திக்கு நடந்து போகாது. யாராவது முதலில் போய், கேட்டு, தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைக்கணும். 225 பேர் செய்யாததை, சட்டமன்றத்தில் நாற்காலியே இல்லாத ஒருத்தரும் அவர் கூட்டாளிகளும் செய்தார்கள். இதுதான் என் வாதம்.

இன்னொண்ணு. எதிரணி அம்மா, "பெரிய கட்சி வந்தாத்தான் ரோடு வரும்"ன்னு சொன்னாங்க. நல்ல ரோடு வேணும், மறுக்கலை. எங்க மலைக்கு 20 வளைவு ரோடு இல்லேன்னா இன்னைக்கு நீங்களே வந்திருக்க மாட்டீங்க. ஆனா ரோட்டிலே ஆம்புலன்ஸும் வரும், வாச்சாத்திக்கு வந்த வண்டியும் வரும். எந்த வண்டி வந்ததுன்னு கேட்க ஆள் வேணுமில்லையா? (கைதட்டல்)

2015 ஏப்ரல் 7-ஆம் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜவ்வாது மலைக்காரர்கள் அதில் இருந்தார்கள். சித்தேரி மலைக்காரர்களும் இருந்தார்கள். கூலிக்குப் போனவர்கள். வாச்சாத்திக்கு 23 வருஷம் கழித்து அதே மலைக்கு அதே அழுகை. காட்டில் பிறந்தவனுக்குக் காட்டில் உரிமை இல்லாதபோது, வேறொருத்தன் காட்டுக்குக் கூலியாய்ப் போகிறான்.

அந்த உரிமையைத் தருவதற்காகத்தான் 2006-ல் பாராளுமன்றம் வன உரிமைச் சட்டம் கொண்டு வந்தது. அப்போது டெல்லி ஆட்சிக்கு வெளியிலிருந்து ஆதரவு கொடுத்த, சுமார் 60 எம்.பி.க்கள் மட்டுமே கொண்ட இடதுசாரிகள் அந்தச் சட்டத்துக்காக விடாமல் அழுத்தம் கொடுத்தார்கள். மூணாவது ஆள் என்பவன் சட்டத்தையும் கொண்டுவரச் செய்வான் என்பதற்கு இது சாட்சி. (மணி ஒலி) நடுவர் மணி அடிச்சுட்டார். ஒத்தை மணிதானுங்க, ஆனா பாருங்க, நான் நிறுத்தணும்! ஒத்தைக் குரலுக்கு அவ்வளவு பலம்! (சிரிப்பு, கைதட்டல்)

முடிச்சிடறேன். 2016 தேர்தலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்கு இடதுசாரிகள் ஒருத்தர்கூடப் போகவில்லை. அரூரும் அ.தி.மு.க.வுக்குப் போனது. அண்ணாமலைக்கு ரெண்டு வருஷம், டில்லிபாபுக்குப் பத்து வருஷம். பதவியைக் கணக்குப் போட்டால் அவ்வளவுதான். அதனால் சின்னக் கட்சிக்காரனின் வாழ்க்கையை அவன் நாற்காலியில் உட்கார்ந்த வருஷத்தை வெச்சு அளக்காதீங்க. எழுந்த பிறகு எங்கே போனான் என்பதை வெச்சு அளங்க.

ஏற்காட்டு மக்களே, நீங்க எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடணும்னு சொல்ல நான் வரலை. அது உங்க வீட்டு விஷயம். பெரிய கட்சியிலும் நடந்து வருகிற ஆள் இருக்கலாம், சின்னக் கட்சியிலும் வராத ஆள் இருக்கலாம். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் ஒண்ணே ஒண்ணு மட்டும் கேளுங்க. "ஐயா, ஜெயிச்சா வருவீங்க, தெரியும். பதவி போனா வருவீங்களா?" அதுக்கு அவர் கண்ணைப் பார்த்து "வருவேன்"னு சொன்னா, 234-ல் அவர் ஒருத்தரே ஆனாலும் அவர் குரல் உங்க குரல்.

என் கூடப் படிச்ச அந்தப் பையன் இன்னைக்கு இங்கேதான் கூட்டத்திலே உட்கார்ந்திருக்கான். உதவித்தொகை போனதோடு படிப்பும் நின்னு போச்சு. தோட்டத்திலே மிளகு பறிக்கிறான். அன்னைக்கு அந்த ஆபீஸிலே அவனுக்காக ஒரு குரல் இருந்திருந்தா, இந்த மேடையிலே என் இடத்திலே அவன் நின்னிருப்பான். என்னைவிட நல்லாப் பேசுவான்.

எனவே, ஆட்சிக்கு எண்ணிக்கை வேண்டும், மக்களுக்கு ஒற்றைக் குரலே பெரிதும் உதவுகிறது என்று நல்ல தீர்ப்பை நடுவர் வழங்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)